டூட்டி சார்ட் போடுகிறவரே சென்டர் ஃபார்வர்ட்

அபுதாபி பக்கம் ருவைஸ் லேபர் கேம்ப் ஃபுட்பால் டீமில் நான்கு வருடம் ஓடினேன். முட்டி போனதும் என்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். ஆட்டத் தந்திரமெல்லாம் யாருக்கு வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேருக்கும் டூட்டி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மேனேஜர் வேலை. டூட்டி சார்ட் போடுகிறவர் எங்கள் ஃபோர்மேன். அதனால் அவர்தான் சென்டர் ஃபார்வர்ட். பந்து இந்தப் பக்கம் வந்தால் மனிதர் அந்தப் பக்கம் ஓடுவார்.

ஃபைனலில் இடைவேளை வரை ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, செத்த உட்காருங்க. டயர்டா தெரியுறீங்க.”

“யாருடா டயர்டு? நானா?”

“முகத்துல தெரியுதுண்ணே.”

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்குப் பதில் இறங்கிய வெல்டர் இரண்டு கோல் போட்டான். ஜெயித்தோம். கோப்பையை ஃபோர்மேன் கையில்தான் முதலில் கொடுத்தோம், சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்.

மறுநாள் காலை புது சார்ட் ஒட்டியிருந்தது. அந்த மாதம் எல்லா ஞாயிறும், வெல்டரோடு சேர்த்து ஜெயித்த பதினோரு பேருக்கும் டூட்டி. பன்னிரண்டாவது பெயர் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை ரூமில் கோப்பை மட்டும்தான் லீவில் இருந்தது.