எண்ணெய் குடிச்ச பந்து

“பய பாஸுதான், பாஸுதான். கணக்குல நல்ல மார்க்கு. பிரச்சனை அது இல்ல”ன்னு சனாவுல்லா சொன்னாரு.

டீக்கடை வீரன் ஒண்ணுமே கேக்கலை. கிளாஸை நீட்டிக்கிட்டு நின்னான், அம்புட்டுத்தான்.

“எந்தக் காலேஜுங்கிறதுதான் பிரச்சனை. அந்தப் பக்கம் திருச்சி கூப்பிடுது, இந்தப் பக்கம் மதுரை கூப்பிடுது. நடுவுல நான் கெடந்து முழிக்கிறேன்.”

“டீ ஆறுது பாய்.”

சனாவுல்லா எப்பவும் அப்படித்தான். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுவாரு. எங்க பேகம்பூர்ல ‘முந்திரிக்கொட்டை பாய்’னு கேட்டா சின்னப் புள்ளையும் அவரு வீட்டைக் காட்டும். மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப அவங்க அத்தா மவுத்தாப் போக, சம்பாதிக்க ஆளில்லாம சிலேட்டை வச்சுட்டுத் தோலைப் பதப்படுத்துற தோல்ஷாப்புக்குள்ள நொழைஞ்சவரு. சுண்ணாம்புக் குழியில நின்னாரு, ஆவாரம்பட்டை இடிச்சாரு, கடைசியா எண்ணெய் போடுற எடத்துக்கு வந்து அங்கயே நிலைச்சுட்டாரு. பட்டைத் தண்ணியில ஊறி வந்த தோலை விரிச்சுப் போட்டு, புங்கெண்ணெய உள்ளங்கையில ஊத்தித் தேச்சு, நெழல்ல காயப்போடணும். அதுதான் வேலை. கை ரெண்டும் மஞ்சப் பூத்துக் கெடக்கும். எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் வாடை மட்டும் போகாது.

அவரு மகன் முனீர். அது என்ன வளத்தியோ, வாசப்படியில தலை இடிச்சு இடிச்சு நெத்தியில ஒரு காயே காச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பாக்கியராஜ் அந்த வளத்தியைப் பாத்துட்டுப் பயலைப் பாஸ்கட்பால் கம்பத்துக்கு அடியில கொண்டு போயி நிப்பாட்டுனாரு. அன்னையிலருந்து பய சாயங்காலம் கிரவுண்டு, ராத்திரி கணக்குப் புஸ்தகம். வேற ஒண்ணும் தெரியாது. பேச்சும் கம்மி. அத்தா பேசுறதுல பாதி இருந்தாக்கூடப் போதும்னு அவங்கம்மா ஜெய்தூன் பீவி சொல்லும்.

அந்த வருசம், அம்பத்தெட்டுன்னு நெனைக்கிறேன், வத்தலக்குண்டுல நடந்த போட்டியில முனீரு ஆடுனதைத் திருச்சிக் காலேஜுல வெளையாட்டுச் சொல்லிக் குடுக்குற சார் ஒருத்தரு பாத்துட்டாரு. நாச்சிமுத்துன்னு பேரு. ஆட்டம் முடிஞ்ச கையோட வந்து, “தம்பி, எங்க காலேஜுக்கு வந்துரு. தங்குறது திங்கிறது எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்”னாரு. ஒண்ணே ஒண்ணுதான். அங்க பந்து வெளையாடுற பயலுக எல்லாருக்கும் ஹிஸ்டரிதான். கணக்கு, சயின்ஸுன்னு எடுத்தா சாயங்காலம் லேபுல நிக்கணும். அந்நேரத்துக்குத்தானே பந்தும் ஆடணும்?

மதுரைக் காலேஜுல மார்க்கைப் பாத்துட்டுக் கணக்கு குரூப்பு குடுத்துட்டாங்க. பி.யு.சி முடிச்சா இஞ்சினீயருக்குப் போடலாம். ஆனா அங்க பந்து டீமு சொல்லிக்கிற மாதிரி இல்ல. சும்மா காலையில செத்த நேரம் ஆடுவாங்களாம்.

திங்கக்கிழமைக்குள்ள மதுரையில போயிச் சேரணும். ஞாயித்துக்கிழமை நாச்சிமுத்து சாரு திருச்சி பாசஞ்சர்ல வந்து, பயலை இன்னொருக்கா ஆடவிட்டுப் பாத்து, கையோட பதிலும் வாங்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு.

சனாவுல்லாவுக்கு அந்த வாரம் பூராம் கால் ஒரு எடத்துல நிக்கலை. டீக்கடைக்குப் போறாரு, பள்ளிவாசலுக்குப் போறாரு, பஸ் ஸ்டாண்டுல நிலக்கோட்டைப் பூக்கூடை எறக்குறவங்களைக்கூட விடலை. “திருச்சியில எம் மகனை வா வாங்கிறாங்க”ன்னு அவரே ஆரம்பிப்பாரு. அப்புறம், “ஆனா மதுரையில கணக்கு...”ன்னு இழுப்பாரு. யாராச்சும் திருச்சின்னா மனசு மதுரைக்கு ஓடும். மதுரைன்னா திருச்சிக்கு ஓடும்.

குஜிலியம்பாறையிலருந்து ஆவாரம்பட்டை வண்டி ஓட்டிட்டு வர்ற கருப்புசாமி, மாட்டை அவுத்துக்கிட்டே சொன்னாரு: “ஏ பாய், ஒத்தை மாட்டை ரெண்டு ஏர்ல பூட்டப் பாக்குறியே. மாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்தியா?”

“அவன் என்னத்தைச் சொல்றான்? நீங்க சொல்லுங்கத்தாங்கிறான்.”

“நீ எப்பிடிக் கேட்ட?”

“திருச்சிதானேலே நல்லதுன்னு கேட்டேன்.”

கருப்புசாமி சிரிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. என்ன சிரிப்புன்னு சனாவுல்லாவுக்கு வெளங்கலை.

வீட்டுல அவருக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை. மூத்தவ நர்கீஸ் தலைப்பிரசவத்துக்கு வந்து, பொம்பளைப் புள்ளை பொறந்து பத்துப் பன்னண்டு நாளுதான் ஆகுது. பச்சப்புள்ளை இருக்குற வீட்டுல காலேஜாவது மண்ணாவது! அந்தப் புள்ளை கொட்டாவி விட்டா அதைப் பாக்க நாலு பேரு. தும்முனா, மாஷா அல்லான்னு எட்டு வீடு கூடிரும். ஒரு பேத்தியைக் கையில வாங்கிப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும், சொன்னா வெளங்காது. சனாவுல்லாவுக்கும் அந்தப் புள்ளையை மடியில போட்டுக்கிட்டா மட்டுந்தான் மனசு ஒரு எடத்துல உக்காரும். ஆனா ஜெய்தூன் விடாது.

“கையைக் கழுவிட்டு வாங்க.”

“கழுவிட்டேன்.”

“இன்னொருக்கா கழுவுங்க. புள்ளைக்கு இப்பவே தோல்ஷாப்பு வாடையைக் காட்டணுமா?”

நர்கீஸ் உள்ளருந்து, “அத்தா, அவளை எந்தக் காலேஜுல சேக்குறதுன்னு பேகம்பூர்ல கேட்டுட்டு வந்துட்டீகளா?”ன்னு கிண்டல் பண்ணும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிஞ்சு சாப்பாடு. தொட்டுக்க வெஞ்சனம் என்னன்னுகூடப் பாக்காம அள்ளிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சவரு கண்ணுல அந்தப் பந்து பட்டுச்சு. நாச்சிமுத்து சாரு வத்தலக்குண்டுலயே குடுத்துட்டுப் போன காலேஜு பந்து. கைப் பழக்கத்துக்கு இருக்கட்டும்னு குடுத்தாராம். அசல் தோலு. வாயில லேஸு கட்டி, உள்ள காத்தடைக்கிற பிளாடர் வச்சது. முனீரு அதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அன்னைக்கு அவன் வீட்டுல இல்ல, மதுரைக்குப் போறதுன்னா சர்ட்டிபிகேட்டு வேணும்னு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான்.

சனாவுல்லா பந்தைக் கையில எடுத்தாரு. கட்டை வெரலால அமுக்குனாரு. மோந்து பாத்தாரு.

“அடப்பாவிகளா, இதுல எண்ணெயே இல்லையே! காஞ்ச பப்படம் மாதிரியில்ல கெடக்கு.”

ஜெய்தூன் புள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கிட்டு இருந்துச்சு.

அம்புட்டு நாளா மனசைப் பிறாண்டிக்கிட்டு இருந்தது அப்பத்தான் செத்த அடங்குச்சு. திருச்சியா மதுரையான்னு அவருக்குத் தெரியாது. ஹிஸ்டரின்னா என்ன, லேபுன்னா என்னன்னும் தெரியாது. தோலு தெரியும். மகனுக்குன்னு தன் கையால செய்ய ஒரு வேலை கெடைச்சுச்சேன்னு பந்தைத் துண்டுல சுத்திக்கிட்டு ஷாப்புக்குக் கெளம்பிட்டாரு.

அன்னைக்கு அவரு தேச்ச தேப்பை மொதலாளி தோலுக்குக்கூடத் தேச்சிருக்க மாட்டாரு. ஒரு கை புங்கெண்ணெய், ஊறுனதும் இன்னொரு கை. தையலு தையலா வெரலை விட்டுத் தேச்சாரு. நெழல்ல வச்சு, சனிக்கிழமையும் போயி ஒரு கை போட்டாரு. வீட்டுல “பந்து எங்கத்தா?”ன்னு முனீரு தேடுனப்ப, “பத்திரமா இருக்குலே, நாளைக்குப் பாரு”ன்னு சொல்லிட்டு, அந்த வாரத்துல மொதத் தடவையா அசந்து தூங்குனாரு.

ஞாயித்துக்கிழமை வெள்ளன ஷாப்புக்குப் போயிப் பந்தை எடுத்துட்டு வந்து மகன் கையில குடுத்தாரு. “தொட்டுப் பாருலே. நம்ம புள்ளை கன்னம் மாதிரி இருக்கு.”

முனீரு தொட்டான். மொகம் மாறிப் போச்சு. வாசலுக்குப் போயித் தரையில ஒரு தட்டு தட்டுனான்.

தொப்.

எந்திரிக்கலை பந்து. கீழ விழுந்த கொழுக்கட்டை மாதிரி அங்கயே உக்காந்துருச்சு. தோலு எண்ணெயக் குடிச்சுக் கனத்துப் போயி, ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, பூசணிக்கா மாதிரி கோணிக்கெடந்துச்சு. எடுத்தா வழுக்குது.

“ஏன்லே எந்திரிக்க மாட்டேங்குது?”

“வெறைப்பா இருந்தாத்தான்த்தா எந்திரிக்கும்.”

“தோலுன்னா எண்ணெய் போடணும்ல?”

“கேட்டிருந்தா சொல்லிருப்பேன்த்தா.”

அதை அவன் கோவமாக்கூடச் சொல்லலை. அதுதான் சனாவுல்லாவைப் போட்டுக் குத்துச்சு. ரயிலு வர்ற நேரம் ஆயிப்போச்சு. பந்தைத் துண்டுல சுத்திக்கிட்டு, அத்தாவும் மகனும் பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுக்கு நடந்தாங்க. வீரன் கடையிலருந்து எட்டிப் பாத்து, “என்ன பாய், உடம்பு சரியில்லையா?”ன்னான். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றவரு, அன்னைக்குக் கேட்டதுக்கும் நிக்காம நடந்தாரு.

பாக்கியராஜ் மாஸ்டரும் நாச்சிமுத்து சாரும் கம்பத்துக்கு அடியில நின்னுக்கிட்டு இருந்தாங்க. நாச்சிமுத்து சாரு பந்தை வாங்குனாரு, கீழ ஒரு தட்டு தட்டுனாரு. தொப். உள்ளங்கையைப் பாத்தாரு. எண்ணெய் மின்னுச்சு.

“யாருய்யா இது, பந்தை எடுத்து எண்ணெய்ச் சட்டியில போட்டது?”

முனீரு வாயெடுக்குறதுக்கு முந்தி சனாவுல்லா முன்னால வந்தாரு. “நான்தான் சார். எம் மேலதான் தப்பு. பயலுக்குத் தெரியாது. அவனை வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீக.”

சாரு அவரையும் அவரு மஞ்சக் கையையும் பாத்தாரு. அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு, கிரவுண்டு பூராம் கேட்டுச்சு. “இருவது வருசமாப் பந்தோட கெடக்குறேன். பந்தைக் கிழிச்சவன் உண்டு, தொலைச்சவன் உண்டு. பந்துக்கு எண்ணெய் தேச்சு விட்டவரை இன்னைக்குத்தான் பாக்குறேன். மாஸ்டர், உங்க பழைய பந்தை எடுங்க.”

ஒட்டுப்போட்ட பழைய பந்துல முனீரு ஆடுனான். ஆடுனான்னா, பழம் பறிச்சுக் கூடையில போடுற மாதிரி போட்டுக்கிட்டே இருந்தான். நாச்சிமுத்து சாரு தலையை ஆட்டுனாரு. “போதும் தம்பி. எங்க காலேஜுல எடம் ஒனக்குத்தான். என்ன பாய் சொல்றீக?”

இந்தக் கேள்விக்குத்தான் சனாவுல்லா வாரம் பூராம் ஊரெல்லாம் பதில் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இப்ப நேருக்கு நேரா கேக்குறப்ப மகன் பக்கம் திரும்புனாரு.

“முனீரு, ஒனக்கு என்னலே வேணும்?”

பய திகைச்சுப் போனான். தோள்ல கெடந்த துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சான். தொடைச்ச மொகத்தையே திரும்பத் தொடைச்சான்.

“எனக்குக் கணக்கு வேணும்த்தா.”

“அப்ப இம்புட்டு நாளா ஏன்லே சொல்லலை?”

“நீங்க ஊரெல்லாம் திருச்சின்னு சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருந்தீக. அக்கா வேற புள்ளையோட வந்திருக்கு. திருச்சின்னா சோறு தண்ணிக்கு உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. அதான்.”

“பந்து?”

“பந்தும் வேணும்த்தா.” பழைய பந்தைச் சாருகிட்ட நீட்டுனான். “ரெண்டும் வேணும்னு எப்பிடிக் கேக்குறது?”

சனாவுல்லா நாச்சிமுத்து சாரைப் பாத்தாரு. “சார், உங்க எடத்துல இவன் கணக்கு எடுத்துக்கிட்டே ஆட முடியாதா? படிக்காதவன் கேக்குறேன், தப்பா நெனைக்காதீக.”

சாரு பழைய பந்தைக் கையில உருட்டுனாரு. “முடியாது பாய். சொல்லி ஏமாத்த மாட்டேன். எங்க டீமுல இருந்தா புஸ்தகத்தை மறந்துரணும். கணக்குத்தான் வேணும்னா மதுரைக்கே போகட்டும்.”

“அங்க டீமு மட்டம்ங்கிறாகளே?”

பாக்கியராஜ் மாஸ்டர் குறுக்க வந்தாரு. “மட்டமான டீமுக்குத்தான் பாய் வளத்தியான பய வேணும். காலையில வெள்ளன ஆடுறாங்க, லேபுக்கு எடைஞ்சல் இல்ல. ஆனா இங்கருந்து ரயில்ல போயி அந்நேரத்துக்குக் கிரவுண்டுல நிக்க முடியாது. மதுரையிலயே தங்கணும்.”

“எந் தங்கச்சி மதுரையில மகபூப்பாளையத்துலதான் இருக்கு. அங்க தங்கிக்கிருவான், அது...”ன்னு ஆரம்பிச்ச சனாவுல்லா டக்குன்னு நிறுத்துனாரு. “ஏலே, மாமி வீட்டுல இருந்துக்கிருவியா?”

முனீரு சிரிச்சான். அந்தப் பய சிரிச்சு வாரக்கணக்கு ஆச்சு. “இருந்துக்கிருவேன்த்தா.”

நாச்சிமுத்து சாருக்கு மொகம் வாடித்தான் போச்சு. அம்புட்டுத் தூரம் வந்து வெறுங்கையோட திரும்புறதுன்னா வருத்தம் இருக்காதா? முனீரு முதுகுல ஒண்ணு வச்சாரு. “போடா. அடுத்த வருசம் எங்க பயலுகளோட மோத வருவல்ல, அன்னைக்கு வச்சுக்கிறேன் ஒன்னைய.” துண்டுல கெடந்த கோணப் பந்தைச் சனாவுல்லா கையில குடுத்தாரு. “இதுக்குப் பதிலா வேற பந்து நீங்க ஒண்ணும் தேட வேண்டாம். வீட்டுல பேத்தி பொறந்திருக்காமே? இது அதுக்கு. மெத்துன்னு இருக்கு, மேல விழுந்தாக்கூட வலிக்காது.”

வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள கதை பேகம்பூர் பூராம் பரவிருச்சு. உள்ள ஜெய்தூன் காலை நீட்டி உக்காந்து, முழங்கால் மேல பேத்தியைப் படுக்கப் போட்டு, பக்கத்துல எண்ணெய்க் கிண்ணத்தை வச்சுக்கிட்டு இருந்துச்சு. நர்கீஸ் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது.

“வாங்க வாங்க, எண்ணெய் போடுறதுல புலி! கையைக் கழுவிட்டு வந்து இவளுக்கும் ஒரு கை தேச்சு விடுங்க”ன்னு ஜெய்தூன் சொல்லுச்சு.

சனாவுல்லா பந்தைத் தொட்டிலுக்கு அடியில உருட்டி விட்டாரு. யாரும் சொல்லாமலே ரெண்டு தரம் கையைக் கழுவுனாரு. வந்து பேத்தி பக்கத்துல குனிஞ்சு உக்காந்தாரு. புள்ளை கையைக் காலை ஒதைச்சுக்கிட்டு அவரையே பாத்துச்சு.

“மொதல்ல அவளைக் கேளு ஜெய்தூன்”னாரு. “வேணும்னு சொன்னா தேய்ப்போம்.”