ரிசேவில் இருந்தவரின் அறுவடை

போன கிழமை நான் போன வெல்லாவெளி பஸ், பழுகாமத்துக்கு அருகே வயல் நடுவில் நின்றுவிட்டது. பழுது ஒன்றுமில்லை. டிரைவர் இறங்கிப்போய் வரம்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

அவர் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் கணபதிப்பிள்ளை அண்ணர். அவருடைய வயல்தான் அது.

எங்கள் ஊர் பஸ் டிப்போவில் இப்போது பஸ்ஸைவிட டிரைவர்கள் அதிகம். ஆகவே கொஞ்சப் பேரை ‘ரிசேவ்’ என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கலாம், யாராவது வேலைக்கு வராவிட்டால் மட்டும் கூப்பிடுவார்கள். மாதாமாதம் சேவையில் மூத்தவர் முதலில் கேட்டு எடுக்கலாம். சும்மா இருக்கச் சம்பளம்... யார் விடுவார்கள்? மூத்தவர்கள் அடித்துப் பிடித்து எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய கடைசி இடம் அண்ணருக்கு. அறுவடை மாதம் முழுக்க வயல் வட்டையில் நிற்கலாம் என்று மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் ரிசேவில் இருப்பவர்களில் சேவையில் இளையவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், அதாவது அண்ணரை. அதோடு, இந்தப் பக்கத்தில் வயல் இல்லாத டிரைவர் யார்? அறுவடை வந்தால் பாதிப் பேருக்குத் திடீர்க் காய்ச்சல் வந்துவிடும். அன்று காலை அண்ணர் வயலுக்குப் புறப்படும்போதே டிப்போவிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான்.

முந்தின நாள் வெட்டிய கதிர் அண்ணரின் வயலில் அப்படியே கிடந்தது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அள்ளிக் குவித்துச் சூடு வைக்காவிட்டால் நெல் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். அந்தக் குடும்பத்தின் சாப்பாடு அது. பஸ்ஸில் யாரும் அவசரப்படுத்தவில்லை — எல்லோரும் வயல்காரர்கள்.

அப்போது பக்கத்து வயலில் ஆட்களோடு குனிந்து அறுத்துக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான். யார் தெரியுமா? அன்று அந்த பஸ்ஸை ஓட்டவேண்டிய டிரைவர். காய்ச்சல்காரன்!

சண்டைதான் என்று நினைத்தேன். அவன் அரிவாளோடு தயங்கித் தயங்கி வந்தான்.

“அண்ணன், நீங்க பஸ்ஸக் கொண்டு போங்க. ஒங்கட கதிரையும் நாங்க சேத்து அள்ளுறம்.”

அண்ணர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒண்ட காச்சலுக்கு மழ ஒத்துக்காது மகன். கெதியா அள்ளு.”

பஸ் புறப்பட்டது. திரும்பி வரும்போது நல்ல மழை. அண்ணரின் வயலில் சூடு வைத்து, மேலே வைக்கோலும் மூடியிருந்தது. பார்த்ததும் எனக்கே உயிர் வந்தது. அண்ணர் ஹோர்னை ஒருமுறை அடித்தார்.

ஓய்வு என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் ஓய்வு வந்துவிடுமா, சொல்லுங்கள்?

அடுத்த அறுவடைக்கு அண்ணர் ரிசேவ் கேட்கமாட்டாராம். தினமும் ஓடுகிற டியூட்டிதான் வேண்டுமாம்... அப்போதுதானே காய்ச்சல் வரும்!