வீடு பார்க்க வந்தவள்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான். அந்தப் பிள்ளையின் பாதத்தை இந்தக் கையால்தான் தொட்டேன்.

என் பெயர் நஸீமா. மங்கலம்பேட்டைக்காரி. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். விருத்தாசலத்தில் பழைய வீடாகப் பார்த்து வாங்கி, சரி செய்து, வாடகைக்கு விடுவது என் தொழில். பாழடைந்த வீடு என்றால் எனக்குப் பயமே கிடையாது. கரையான், பாம்புச்சட்டை, செத்துக் காய்ந்த பூனை எல்லாம் பார்த்தவள்.

மூன்றாவதாக வாங்கியது பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. உரிமையாளர் இறந்துபோய், சென்னையில் இருக்கும் மகன் விற்றுவிட்டார். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. கொளஞ்சி கொத்தனாரை வைத்து வேலை ஆரம்பித்தேன். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. அதைத் தட்டி எடுத்தோம். அடுப்படி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம். அன்றைக்குப் பின்கட்டு அறைக்குச் சிமெண்டுத் தரை போட்டுவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். நான் மட்டும் இருந்தேன்.

ஐப்பசி மழை. கூரை ஒழுகுகிறதா என்று மழை பெய்யும்போதுதான் தெரியும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அறையாக நடந்தேன். அந்தி நேரத்து மஃரிப் பாங்கு கேட்டது. பூட்டிவிட்டுப் போகலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

படியில் ஒருத்தி நின்றாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். சேலை முழுக்க நனைந்திருந்தது. தோளில் ஒரு பெண் குழந்தை. துண்டால் அதன் தலையை மூடியிருந்தாள்.

"வூடு வாடகைக்கு வுடறீங்களாங்க?"

"வுடுவேன். வேல முடியல. யாரு சொன்னாங்க?"

என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "பாத்துக்கிடட்டுங்களா?"

பிள்ளையோடு மழையில் நிற்கிறாளே என்று உள்ளே வரச் சொன்னேன். எனக்கு முன்னால் நடந்தாள். அடுப்படிக்குப் போகும் இடத்தில் காலை உயரமாகத் தூக்கி வைத்தாள். முழங்கால் உயரத்துக்கு...

அங்கேதான் இப்போது படியே இல்லையே.

அடுப்படியில் செங்கல் வைத்து அடைத்த சுவரைப் பார்த்து நின்றாள். "காத்து வராதேங்க இப்ப," என்றாள்.

எனக்கு என்னமோ போல இருந்தது. வாசல் பக்கம் திரும்பி வந்தேன். அவளும் வந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சொட்... சொட்...

தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வூட்டுக்காரரு எங்கம்மா?"

"லாரிக்குப் போனாருங்க. வரல."

பிள்ளை அசையவே இல்லை. வெள்ளிக் கொலுசு போட்ட சின்னப் பாதம் துண்டுக்கு வெளியே தொங்கியது. தொட்டேன்.

ஐஸ் போல இருந்தது.

"காச்சலாம்மா?"

"காலைல அடிச்சுதுங்க. இப்ப வுட்டுருச்சு."



"எல்லா வூட்டுலயும் கேட்டுட்டேங்க. ஆம்பள தொண இல்லன்னா தரமாட்டேங்கறாங்க. நீங்களாச்சும் குடுப்பீங்களா?"

"குடுக்கறேம்மா. சிமெண்டு காயட்டும்."

"அதுவரைக்கும் இவள எங்க வெச்சுக்கறது?" குரல் உடைந்தது. "நான் வேணா போயிடறேன். இவ மட்டும் இருக்கட்டுமா?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"இருக்கட்டும்மா. புள்ளைய உள்ள படுக்க வை."

கரண்டு போனது.

இருட்டு.

சல்...

சல்... சல்... சல்...

கொலுசு. என்னைத் தாண்டி உள்ளே ஓடியது.

கரண்டு வந்தது. கூடத்தில் யாரும் இல்லை. வாசலை மறித்து நின்றது நான்தான். பின்கதவில் உள்பக்கப் பூட்டு போட்டபடி இருந்தது.

எப்படி வீட்டைப் பூட்டினேன், எப்படி பஸ்ஸு ஏறினேன், நினைவில்லை.

காலையில் கொளஞ்சி போன் செய்தார். "அக்கா, நேத்து புள்ளைங்க யாரையாச்சும் கூட்டியாந்தீங்களா? சிமெண்டு காயறதுக்குள்ள மிதிச்சு வெச்சிருக்குது."

போய்ப் பார்த்தேன். பின்கட்டுத் தரையில் சின்னச் சின்னப் பாதங்கள். உள்ளே போயிருந்தன. வெளியே வரவே இல்லை.

எதிர்வீட்டுக் காசியம்மாளிடம் விசாரித்தேன். நான் அடையாளம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"அது வளர்மதியாச்சே. இந்த வூட்லதான் குடியிருந்தா. புருசன் வுட்டுட்டுப் போனதும் பழைய ஓனரு சாமானத் தூக்கி வெளிய வெச்சுட்டாரு. இதே மாதிரி மழ. காச்சக்காரப் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வூடு வூடா கேட்டுட்டுப் போனா. எந்த வூட்டு வாசல்ல புள்ள உசுரு போச்சுன்னு அவளுக்கே தெரியாது. இருட்டுனப்புறம் எறக்கிப் பாத்திருக்கா..."

"அவ எப்ப செத்தா?"

காசியம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரு செத்தா? வளர்மதி உசுரோடதான் இருக்கா. பெண்ணாடத்துல, அக்கா வூட்டுல."

போகாமல் இருக்க முடியவில்லை. பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் நிற்கும் தெருவில் அந்த வீடு. வெளியே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே முகம். ஆனால் தலை நரைத்து, கன்னம் ஒட்டி, பத்துப் பன்னிரண்டு வயது கூடியிருந்தது.

நான் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க, வூட்டுக்காரம்மா."

திகைத்துப்போனேன். "என்னைத் தெரியுமா?"

"அன்னிக்கு மழையில சாயங்காலமே அசந்து தூங்கிட்டேங்க. எப்பவும் வர்ற கனவுதான். புள்ளையத் தூக்கிட்டு வூடு வூடா கேப்பேன். ஒருத்தரும் தரமாட்டாங்க. அன்னிக்குதான் நீங்க இருக்கட்டும்னீங்க. உடனே தோள்லேருந்து எறங்கி உள்ள ஓடிட்டா. நான் மட்டும் முழிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கனவே வரலங்க."

என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "நீயே வந்து அந்த வூட்ல இரும்மா. வாடகையே வேணாம்," என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் வந்தா அவ மறுபடியும் தோள்ல ஏறிக்குவாங்க. இன்னொருக்கா அவளத் தூக்கிட்டுத் தெருவுல நிக்க என்னால ஆகாது. அவ அங்கயே இருக்கட்டும்."

பஸ்ஸு வரை கூடவே வந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கு வேணா வாடகைக்கு வுடுங்க. அவ யாருக்கும் தொந்தரவு பண்ண மாட்டா. அவள மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க."