சாவியைப் பிடுங்கிய பெண்

வாடிப்பட்டிக்கு அருகே ஒரு பொட்டலில் ஏ.டி.வி. என்னும் நாலு சக்கர வண்டி ஓட்டவிடுகிறார்கள் என்று மகளோடு போயிருந்தேன். அவளுக்கு ஆறு வயது. அங்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஓர் ஒல்லியான பெண், முழங்கால்வரை செம்மண். ஓரிடத்தில் நிற்கமாட்டார். வண்டிக்கு வண்டி ஓடி ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பைக்குன்னு நெனச்சுக் காலை ஊண்டாதீங்க, பின்சக்கரம் ஏறிரும். மேட்டுல குறுக்க திருப்பாதீங்க, கவுந்துரும்."

நான் மகளை முன்னால் உட்காரவைத்தேன். அவர் ஓடிவந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாப்பாவ எறக்குங்கண்ணே."

"ஒரே ரவுண்டும்மா. மெதுவாத்தான் போவேன்."

"இது ஒத்தை ஆளு வண்டி. எறக்குனாத்தான் சாவி."

மகள் அழுதாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மகளை இறக்கிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். கோபத்தில் மேட்டில் வேகமாக ஏறினேன். பாதியில் வண்டி திணறியதும் பதறிப்போய்க் குறுக்கே திருப்பினேன். என்னைத் தூக்கி எறிந்துவிட்டு வண்டி ஒருமுறை உருண்டு, தலைகீழாய்க் கிடந்தது. முதலில் மகளை உட்காரவைத்திருந்த இடம் மண்ணுக்குள் அழுந்தியிருந்தது.

அவர்தான் முதலில் ஓடிவந்தார்.

"அசையாதீங்க. கழுத்து வலிக்குதா? கைகால அசைக்க முடியுதா?"

ஒன்றுமில்லை, சிராய்ப்புதான். "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். பாப்பா பயந்துபோய் நிக்கிது. மொதல்ல அதுக்குக் கையக் காட்டுங்கண்ணே."

கையைத் தூக்கிக் காட்டினேன். அன்று மட்டும் எத்தனை அப்பாக்களிடம் அவர் திட்டு வாங்கியிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.