காந்தத்தில் ஒட்டியது

மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பழைய துணிகளை வெட்டி, துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். என் புடவை, மகளின் பாவாடை, வீட்டுக்காரரின் நீல யூனிஃபார்ம் சட்டை. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் அவருக்கு இரும்பைத் தேய்த்து மழுக்கும் கிரைண்டிங் வேலை.

சட்டைத் துணியின் தடித்த மடிப்பில் மெஷின் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். பச்சைக் குழந்தையைக் குத்திவிட்டால்? ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துப் போர்வை முழுக்கத் தடவினேன். புடவைத் துண்டுகளில் ஒன்றுமில்லை. நீலத் துண்டுகளைத் தடவிய பிறகு காந்தத்தைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பாக முடி முளைத்ததுபோல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. உடைந்த முனையும் அதற்குள் கிடந்தது. சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்த துணி அது!

நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்தவரை எழுப்பிக் காட்டினேன்.

"இரும்புத் தூசு. இதுக்கா எயுப்புன? எல்லார் சட்டையிலயும்தான் கீது" என்றவர், இருமிக்கொண்டே திரும்பிப் படுத்தார்.

அந்த இருமலுக்கு இத்தனை வருஷமாக, "ஐஸ் தண்ணி குடிக்காதய்யா, குடிக்காதய்யா" என்று ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

நீலத் துண்டுகளைப் பிரித்து எடுத்துவிட்டேன். பேரன் பிறந்து, இப்போது அந்தப் போர்வையில் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆனால் பக்கத்தில் அவர் இரும ஆரம்பித்தால், என் கண் தானாகத் தையல் மெஷின்மேல் இருக்கும் அந்தக் காந்தத்துக்குப் போகிறது.