வில்லங்கம் வக்கீலம்மா

எந்தப் பத்திரத்தையும் வக்கீலம்மா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். சாட்சிக் கையெழுத்து, முத்திரை, தேதி என்று பின்னோக்கி வந்து, வீட்டின் நான்கு எல்லைகளையும் கடந்து, முதல் பக்கத்துப் பெயர்களில் வந்து நிற்பார். வரிக்கு அடியில் ஒரு மர அளவுகோல் நகரும். அது நகரும்போது எதிரில் இருப்பவர் இருமக்கூடக் கூடாது. மேசைமேல் யாராவது டீ கிளாஸை வைத்தால், நிமிர்ந்து பார்க்காமலே அதை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார். "பத்திரத்துல கறை பட்டா, கோர்ட்டுல டீயையா கூண்டுல ஏத்தறது?"

ஜெராக்ஸ் கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. ஐம்பதை ஒட்டிய வயது. வீடு வாங்குபவர்கள் பத்திரத்தைக் காட்டிச் சரிபார்க்க வருவார்கள். வீட்டுத் தரகர்கள் மட்டும் அந்தப் படியை மிதிக்கவே அஞ்சுவார்கள். "வில்லங்கம் இருக்கான்னு பாக்கச் சொன்னா, இந்தம்மாவே ஒரு வில்லங்கம்!" என்று அவர்கள் புலம்பப் போய், அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அவருக்கும் தெரியும். "செலவில்லாத விளம்பரம்" என்று சிரிப்பார்.

காகிதத்தோடு விடமாட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவார். ஒருமுறை, காலியாக இருப்பதாகச் சொன்ன வீட்டின் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாருமே இல்லாத வீட்டுல அஞ்சு பேர் துணி காயுதே?" என்றாராம். உள்ளே ஒரு குடும்பம் ஒன்பது வருடமாகக் குடியிருந்தது.

இதெல்லாம் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவருக்குத் தெரியாது. மனைவி நச்சரித்ததால் ஒரு விடுமுறை நாளில் பத்திரக் கோப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பதினாறு வருடம் அவர் பஸ் ஓட்டியும், அவள் தையல் மிஷினை ஓட்டியும் சேர்த்த காசுக்கு ஒரு வீடு அமைந்திருந்தது. இரண்டு அறை, தெருமுனை, வெளிச்சம் நேராக விழும் ஒரு ஜன்னல். வெள்ளிக்கிழமை பதிவு. "எல்லாம் சுத்தமா இருக்கு சார், கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று தரகர் சொல்லியிருந்தார்.

"பஸ்ஸையும் கண்ணை மூடிட்டுத்தான் ஓட்டுவீங்களா?" என்றார் வக்கீலம்மா.

அளவுகோல் நகர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து, ஒரு பழைய பத்திரத்தின் நடுவில் நின்றது.

"வீடு யாருது?"

"ஒரு அம்மாவோடதுங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் காலமாயிட்டாங்க. உயில் இல்ல. மூணு பிள்ளைங்க. மூணு பேரும் கையெழுத்துப் போடறாங்க."

"அந்தம்மாவுக்கு இந்த வீட்டை அவங்க வீட்டுக்காரர் எழுதி வச்ச பத்திரம் இது. இந்த வரியைப் படிங்க."

டிரைவர் எழுத்துக் கூட்டினார். 'நம் மக்கள் நால்வரையும் வளர்த்து ஆளாக்கும் பொருட்டு…'

"நால்வர்" என்றார் வக்கீலம்மா. "இன்னொருத்தர் எங்கே?"

டிரைவர் அந்த வரியை மறுபடி படித்தார். அந்தக் காகிதத்தைத் தரகர் பார்த்திருந்தார். தானும் மூன்று தடவை பார்த்திருந்தார். முப்பத்தெட்டு வருடமாக அந்த ஒரு சொல் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

மறுநாள், விற்கும் மூவரில் மூத்தவரான அண்ணன்காரரை அழைத்துக் கேட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைசித் தங்கச்சி. எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டா. எங்களப் பொறுத்தவரைக்கும் அவ செத்த மாதிரி."

"மாதிரின்னு எல்லாம் எந்த ஆபீஸ்லயும் இறப்புச் சான்றிதழ் தரமாட்டாங்க. அவங்க பங்கு அவங்களுக்குத்தான்."

அவர் எழுந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. "வேற பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு" என்று தரகர் மிரட்டினார். டிரைவர் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வக்கீலம்மாவோ அந்தத் தெருமுனை வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஏழாவது கதவைத் திறந்தவர் அந்தக் கடைசித் தங்கையின் பள்ளித் தோழி.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தாள் அந்தத் தங்கை. வக்கீலம்மாவும் டிரைவரும் போனபோது நீராவிக்கு நடுவே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கை நின்றது. அம்மா இறந்த செய்தியே அவளுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்ததாம்.

"எனக்கு ஒரு செங்கல்கூட வேணாம். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

டிரைவருக்கு உயிர் வந்தது. சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குக் கை போனது.

"வேண்டாம்" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்கு என்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. அப்புறம் வேணாம்னு சொல்லுங்க. நான் இவரோட வக்கீல். நான் சொல்றதை நீங்க நம்பக் கூடாது. உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலைப் பாருங்க."

வெளியே வந்ததும் டிரைவர் வெடித்தார். "நீங்க எனக்கு வக்கீலா, அவங்களுக்கு வக்கீலாம்மா? பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சே!"

"உங்களுக்குத்தான். அழுதுக்கிட்டே போட்ட கையெழுத்து, பத்து வருஷம் கழிச்சு உங்க வாசல்ல வந்து நிக்கும். அப்ப உங்க பிள்ளைங்க யாரைக் கேட்பாங்க?"

 பஸ் நிறுத்தத்தில் டிரைவர், தனக்குப் பக்கத்தில் பத்திரக் கோப்பை மார்போடு அணைத்தபடி நின்ற அந்தக் குள்ளமான உருவத்தைப் பார்த்தார். தன் கட்சிக்காரரே கோபித்தாலும் தன் வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாத ஒரு மனுஷி. மலைப்பாக இருந்தது அவருக்கு.

இரண்டு மாதம் ஆனது. தங்கை வேறொரு வக்கீலைப் பார்த்தாள், யோசித்தாள், பங்கு வேண்டும் என்றாள். கோர்ட்டுக்குப் போனால் வீடு யாருக்கும் உதவாது என்று புரிந்ததும் அண்ணன்காரர் இறங்கி வந்தார். வாங்க வரிசையில் நிற்பதாகத் தரகர் சொன்ன வேறு பார்ட்டி கடைசிவரை வரவில்லை.

பதிவுக்கு முந்தின நாள் நான்கு பேரும் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தங்கை ஒவ்வொரு பக்கத்தையும் தானே படித்துவிட்டுத்தான் போட்டாள். படியிறங்கும்போது அண்ணன் திரும்பி, "டீ குடிக்கறியா?" என்று கேட்டது மேலே வரை கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.

பிறகு வக்கீலம்மா, மறுநாள் பதிவாகப்போகும் பத்திரத்தின் வரைவை டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் விரித்தார். விற்பவர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வாங்குபவர் என்ற இடத்தில் டிரைவரின் பெயர். அதற்குக் கீழே ஒரு பெயர் எழுதும் அளவுக்கு ஒரு வரி வெறுமையாக இருந்தது.

"இது என்னம்மா, விட்டுப்போச்சா?" என்றார் டிரைவர்.

வக்கீலம்மா மர அளவுகோலை அந்த வரிக்கு அடியில் வைத்தார். டிரைவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு, நூலிழைகள் ஒட்டிய சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வெட்கத்தில் முகம் சிவந்து, மெல்லத் தலையசைத்தார்.

வக்கீலம்மா மூடியைக் கழற்றி, பேனாவை அவள் கைப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.