மூச்சுக் குழாய்

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இன்று என் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இது போன ஐப்பசியில், மேட்டூரில், விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகாத ஒரு மாலையில் எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

என் பெயர் கலையரசன். சேலம் அஸ்தம்பட்டியில் ஏசி மாட்டும் தொழில். கூட வேலை செய்பவன் செபஸ்தியான். பதினைந்து வருடப் பழக்கம். நான் கத்தினால் அவன் சிரிப்பான். என்னைப் போன்ற கோபக்காரனுக்கு அப்படி ஒருத்தன் கிடைப்பது பெரிய விஷயம்.

மேட்டூரில் அணைத் தண்ணீர் பக்கம், கிருத்திகா என்ற டீச்சரம்மாவின் வீடு. கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. வீட்டை வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மழை பிடித்தால் சுவரெல்லாம் ஓதம். பீரோவில் பட்டுப்புடவை பூஞ்சணம் பிடிக்கிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, டீச்சரம்மாவுக்கு வீசிங் விடுவதே இல்லை. அதற்காக டீஹியூமிடிஃபையர் வாங்கியிருந்தார்கள். ஓர் அறைக்கு வைக்கும் சின்னப் பெட்டி இல்லை, வீடு முழுவதற்கும் ஒரே மெஷின். பரணில் உட்கார்ந்துகொண்டு எல்லா அறைக் காற்றையும் இழுக்கும். ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே விடும்.

அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல். சமையலறைச் சாக்கடைக்குக் கொண்டுபோக வாட்டம் இல்லை. பின்கட்டு அறையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. முன்பு அங்கே கிணறு இருந்ததாம். அதை மூடி மேலே அறை கட்டியிருக்கிறார்கள். கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் விட்டுத்தான் மூட வேண்டும், எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். வீட்டை விற்றவரும் அப்படித்தான் சொன்னாராம். அதை அடைத்துவிட வேண்டாம் என்று டீச்சரம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தக் குழாய் தோதாகப்பட்டது. தண்ணீரும் வீணாகாது, மண்ணுக்கே போகும். செபஸ்தியானை மெஷினின் தண்ணீர் ஹோஸை அதில் விடச் சொன்னேன். இடுக்கு வழியாகக் கரப்பானும் நாற்றமும் அறைக்குள் வந்துவிடும் என்பதால் குழாய் வாயைச் சுற்றி அடைப்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கம். டீச்சரம்மா சொன்னதை அவன் ஞாபகப்படுத்தினான். மூச்சாவது குழாயாவது, அடைடா என்றேன். சிரித்துக்கொண்டே துணியைத் திணித்து, மேலே கல்லாக இறுகும் எம்-சீல் பசையைப் பூசினான்.

நாலு பத்துக்கு சுவிட்சைப் போட்டோம். வெளியே மழை. சுவரில் இருந்த மீட்டர் ஈரப்பதம் 91 சதவீதம் என்று காட்டியது. எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாளாவது பிடிக்கும்.

நாலு இருபதுக்கு 60.

டீச்சரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. மீட்டர் கோளாறு என்று தட்டிப் பார்த்தேன்.

நாலரைக்கு 31. என் உதடு வெடித்தது. கதவுச் சட்டங்கள் காய்ந்து படபடவென்று விரிசல் விட்டன. டீச்சரம்மா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

பின்கட்டிலிருந்து வந்தது. கம்ப்ரஸரில் போல்ட் லூசாக இருக்கும் என்றேன். கம்ப்ரஸர் பரணில் இருக்கிறது என்று எனக்கே தெரியும். செபஸ்தியான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனான்.

டக் டக் டக் டக்...

நின்றது.

"கலை..." என்று கூப்பிட்டான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

ஓடினேன். கதவு நிலையில் கை வைத்தேன். கதவு அறைந்தது. காற்று இல்லை. யாரோ முழுப் பலத்தோடு உதைத்துச் சாத்தினார்கள். என் வலது கையின் இரண்டு விரல்கள் நடுவில் நசுங்கின. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அலறிக்கொண்டே தோளால் இடித்தேன்.

திறந்தது.

செபஸ்தியான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். கால் தரையில் இல்லை. அவன் முன்னால் யாருமில்லை. தலை போய்ச் சுவரில் மோதியது. மறுபடி. மறுபடி. சுவரில் ரத்தம். வாய் கிழிகிற அளவுக்குத் திறந்திருந்தது, உள்ளே ஒரு கை போனது போல. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டியது. செம்மண் தண்ணீர்.

ஈரமே இல்லாத அறையில் அவன் மூழ்கிக்கொண்டிருந்தான்.

காலைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தில் ஓர் அடி. பல் தெறித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

அவன் கண் செருகியது.

"கொழா வாய அடச்சுப்போட்டீங்களா?" வாசலில் டீச்சரம்மா. "தொறந்து உடுங்க. ஆளு செத்துருவாருங்க."

சுத்தியலை இடது கையில் எடுத்தேன்.

அடித்தேன்.

எம்-சீல் உடைந்தது. ஹோஸைப் பிடுங்கினேன். துணியைப் பிடுங்கினேன்.

ஹ்ஹ்ஹா...

குழாய் மூச்சை இழுத்தது.

வெளியே விடவில்லை. உள்ளே இழுத்தது.

செபஸ்தியான் விழுந்தான்.

மீட்டர், 9.

சேலம் ஆஸ்பத்திரியில் அவன் நுரையீரலிலிருந்து எடுத்த தண்ணீரில் மண் இருந்தது. எந்தக் கிணற்றில் விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். செபஸ்தியான் பிழைத்துவிட்டான். பேச்சுதான் இன்னும் சரியாக வரவில்லை.

மெஷினைக் கழற்றப் போன அன்று, பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் சென்னியம்மாள் என்னைத் தேடி வந்தார். அவர் கணவர் முன்பு அந்த வீட்டில் கூலி வேலை பார்த்தவர். வீட்டை விற்றவர் அதற்கு முந்தின மாதம் இறந்துவிட்டிருந்தார், அதனால்தான் சென்னியம்மாள் வாய் திறந்தார். அந்தக் கிணற்றை ஆழப்படுத்தும்போது மண் சரிந்து ஓர் ஆள் அடியில் மாட்டிக்கொண்டானாம். வெளியூர் ஆள், தேடி வர யாருமில்லை. காற்றுக்காக அந்த இரும்புக் குழாயை இறக்கியிருக்கிறார்கள். அவன் கீழேயிருந்து கல்லால் அதைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் ஜெயில் என்று வீட்டை விற்ற அந்த முதலாளி பயந்துவிட்டார்.

"ரெண்டு நாளு... தட்டறது நிக்கவே இல்லீங்க சாமி," என்றார் சென்னியம்மாள். "அப்பறம் மொதலாளியே ஓஸ் பைப்ப உள்ள உட்டு, சுத்தித் துணிய வெச்சு அடச்சுப்போட்டு, தண்ணி மோட்டாரப் போட்டு உட்டாருங்க."

பிறகு குழாயைப் பிடுங்கப் பார்த்தார்களாம். வரவில்லையாம். கிணற்றுக்கு மூச்சுக் குழாய் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்களாம்.

செபஸ்தியானிடம் இதை நான் சொல்லவில்லை. துணியைத் திணித்தது அவன் கைதான். திணிக்கச் சொன்னது யார் என்று குழாய்க்குள் இருப்பதற்கு இன்னும் தெரியாது.